“கணையம் எண்டா என்ன, பிள்ளை?”

கணையம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. கிளென்ஃபீல்டில் நான் வளர்ந்த வீட்டில் ஈரல், கிட்னி எல்லாம் பேச்சில் வரும், கணையம் வராது. ஸ்கேனில் அம்மாவின் கணையத்து வால்பகுதியில் ஒரு கட்டி தெரிந்தது. பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய வகை, அந்தப் பகுதியை வெட்டி எடுப்பது நல்லது என்றார்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் மண்ணீரலையும் சேர்த்தே எடுக்க வேண்டுமாம்.

அண்ணா போனில், “அம்மாவுக்கு எல்லாத்தையும் சொல்லாதே, பயந்திடுவா” என்றான். நம் வீடுகளில் இது வழக்கம்தானே? டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வார், பிள்ளை வடிகட்டித் தமிழில் சொல்லும். நான் மொழிபெயர்ப்பாளர் கேட்டேன். நியூசிலாந்தில் இது தயவு அல்ல. ஆக்லாந்தில் பெண்கள் அறியாமலே அவர்களை வைத்து நடந்த ஆய்வைப் பற்றி 1988இல் கார்ட்ரைட் விசாரணை அறிக்கை வந்தது. அதன் தொடர்ச்சியாக 1996இல் வந்த நோயாளர் உரிமைக் கோவை, தேவைப்பட்டு இயன்ற இடத்தில் தகுதியான மொழிபெயர்ப்பாளரை உரிமையாகவே சொல்கிறது.

அம்மா மூன்று கேள்வி கேட்டார்.

“மிச்சம் வேலை செய்யுமோ?” இன்சுலின் சுரப்பது கணையம். மீதி போதாவிட்டால் சீனி வருத்தம் வரலாம். செரிமானத்துக்கும் குளிசை தேவைப்படலாம். அது பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது என்றபோது, சைவமான அம்மா முகத்தைச் சுளித்தார். முன்பே தெரிந்தது நல்லது.

“வெட்டின இடம் ஒட்டுமோ?” இதுதான் அடிக்கடி வரும் தொல்லை. வெட்டிய முனையிலிருந்து கணையநீர் கசியும். அதை வெளியே எடுக்கத்தான் வயிற்றில் குழாய் வைப்பார்கள். கிருமி தொற்றினால் நாள் இழுக்கும்.

“செத்துப்போவனோ?” மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கினார். வாய்ப்புக் குறைவு, ஆனால் இல்லையென்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

இங்கே நான் ஒன்று கேட்டேன்: “வருஷத்துக்கு எத்தனை செய்யிறீங்கள்?” காரணம் உண்டு. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டோரை வைத்துச் செய்து 2002இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், கணைய அறுவை மிக அரிதாக நடக்கும் மருத்துவமனைகளில் இறப்பு 16 சதவீதத்தைத் தாண்டியது. அதிகம் நடக்கும் இடங்களில் 4 சதவீதத்துக்கும் குறைவு. நீங்களும் தயங்காமல் கேளுங்கள், டாக்டர்கள் கோபிக்க மாட்டார்கள்.

அம்மா கையெழுத்து வைத்தார். அண்ணாவுக்கு அவரே போன் எடுத்து, “எல்லாம் தெரிஞ்சுதான் படுக்கிறன்” என்றார்.

கசிவு வரத்தான் செய்தது. மூன்று கிழமை குழாயோடு வீட்டில் இருந்தார். நான்தான் பதறினேன். அம்மா, “இதைத்தானே அந்தப் பிள்ளை சொன்னது” என்று பையில் சேர்ந்ததை அளந்து கொப்பியில் எழுதினார்.

இன்று சீனி அளவு பரவாயில்லை, சோதித்தபடி இருக்கிறோம். மண்ணீரல் இல்லாததால் சில கிருமிகள் உடம்பில் வேகமாகப் பரவும். தடுப்பூசிகளை அறுவைக்கு இரண்டு கிழமைக்கு முன்பே போட்டாச்சு. இந்தியாவுக்குக் கோயில் பயணம் என்றால் மலேரியா மருந்து பற்றி முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும். காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. என் பத்து வயது மகளுக்கும் இது தெரியும்: அம்மம்மாவுக்குக் காய்ச்சலும் நடுக்கமும் என்றால் 111, அதற்குப் பிறகுதான் அம்மாவுக்குப் போன்.