விடுபட்ட அத்தியாயம்

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்று ஆய்வாளர்கள் கருதும் அக்கற்களுள் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்துபட்ட ஒருவனின் பெயரைச் சொல்கிறது. பெயர், ஊர், இறந்த விதம், அவ்வளவே. அவன் எதற்குச் சிரிப்பான், உண்ணும்போது எதை ஒதுக்கி வைப்பான் என்பதெல்லாம் அவன் வீட்டாருக்குத் தெரிந்திருக்கும். அந்த வீட்டாரும் போன பிறகு, கல்லில் உள்ளது மட்டும் எஞ்சியிருக்கிறது.

இறந்தோரை நினைக்க நம் வீடுகளிலும் ஏற்பாடுகள் உண்டு. கூடத்துச் சுவரில் சந்தனப்பொட்டு வைத்த படம், ஆண்டுக்கொரு திதி, ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும். சடங்கில் பெயர் சொல்லி அழைக்கப்படுவோர் மூன்று தலைமுறையினர். அதற்கு முந்தியவர்கள் முன்னோர் என்ற பொதுச்சொல்லுக்குள் போய்விடுகிறார்கள். சடங்கைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. பெயரைக் காப்பது அதன் வேலை. ஆளைக் காப்பது வேறு யாருடைய வேலையோ.

அந்த வேலையைச் செய்து காட்டியவர் உ.வே.சாமிநாதையர். தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டவர் அவர். ஆசிரியர் இயற்றிய நூல்களையும் பெற்ற சிறப்புகளையும் முறைப்படி தொகுத்தவர்தாம் எனினும், 'என் சரித்திரம்' படித்தவர்கள் மனத்தில் நிற்பது வேறொன்று. எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் பலகையில் அமர்ந்த பிள்ளையவர்களுக்கு வீட்டில் எண்ணெய் இல்லை. மாணவர் தாமே கடைக்குப் போய் வாங்கி வருகிறார். ஆசிரியர் மறைந்தது 1876இல். ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடராக வரத் தொடங்கியது 1940இல். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கிழவரின் நெஞ்சில் அந்த எண்ணெய் உலராமல் இருந்திருக்கிறது. அவர் எழுதியிராவிட்டால் அது அவரோடு போயிருக்கும்.

எங்கள் அம்மா 1979ஆம் ஆண்டு ஐப்பசியில் இறந்தாள். அப்போது அண்ணனுக்குப் பதினான்கு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. நடுவில் பிறந்த நாங்கள் இருவரும் ஒன்பதும் ஏழும். தங்கைக்கு ஒன்றரை. தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரத்துக்கு அருகில் ஒரு கிராமம். எங்களை வளர்த்தெடுத்தவள் ஆச்சி.

அம்மாவுக்கு இருப்பது ஒரே படம். 1963இல் கல்யாணமான புதிதில் ஸ்டூடியோவில் எடுத்தது. அதில் இருப்பவள் பதினெட்டு வயதுப் பெண். எங்களில் எவரையும் பெறாதவள். தார்சாவில் மாட்டியிருந்த அந்தப் படத்துக்கு மாலை போட்டு விழுந்து கும்பிடும்போதெல்லாம், யாரோ ஒரு சின்னப் பெண்ணைக் கும்பிடுவதுபோல் எங்களுக்குத் தோன்றும். தங்கைக்கோ அதுவே அம்மா. அவளிடம் வேறு அம்மா இல்லை.

ஆச்சி காலமான பிறகு அண்ணன் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். திதியன்று இலை எடுத்தபின் எல்லோரும் தார்சாவில் உட்கார வேண்டும். ஆளுக்கொன்று அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நிபந்தனை: நல்லவள், பொறுமைசாலி, யாரையும் ஒரு சொல் சொல்லாதவள் என்றெல்லாம் சொல்லக் கூடாது. "அதெல்லாம் எல்லார் அம்மாவுக்கும் சொல்லலாம். நம்ம அம்மா என்ன செய்வாள்னு சொல்லுங்க" என்பார். அது தங்கைக்காக என்பது எங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அண்ணன் சொன்னது: ஆற்றில் குளித்துவிட்டு நடுப்பகலில் திரும்பும்போது, அம்மா வெயில் விழும் பக்கமாகத் தான் நடந்து, மகனைத் தன் நிழலுக்குள் நடக்க வைப்பாள். பாதை திரும்பினால் அவளும் பக்கம் மாறுவாள்.

அக்கா சொன்னது: அரிசிப் பானை காலியானால் அம்மா "இல்லை" என்று சொல்லமாட்டாள். "நிறைஞ்சிருக்கு" என்பாள். உழக்கால் அளந்து போட்டபின், அளந்ததிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பானைக்கே திருப்பிப் போடுவாள். இல்லை, அந்தப் பிடி தனியாக ஒரு கலயத்தில் விழும், வெள்ளிக்கிழமை வருகிற பண்டாரத்துக்கு என்பது அண்ணனின் கட்சி. இருபது ஆண்டுகள் இந்த வழக்கு நடந்தது. தீர்ப்பு வரவில்லை. தங்கை இரண்டையும் வைத்துக்கொண்டாள்.

நாங்கள் இருவரும் சொன்னவை இன்னும் சிறியவை. ஊசியில் நூல் கோக்க நூல்நுனியை அவள் பல்லால் கடிக்கும் 'டிக்' ஓசை. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியை உள்ளங்கையால் தொடாமல் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது.

ஒரு திதியில் தங்கை கேட்டாள்: "அம்மா குரல் எப்படி இருக்கும்? ஆச்சி மாதிரியா, அக்கா மாதிரியா?" ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அவள் பேசியவை நினைவிருந்தன; பேசிய குரல் இல்லை. ஒலிப்பதிவு செய்யும் கருவி எதுவும் அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் கிடையாது. குரல்தான் முதலில் மறந்துபோகிறது போலும்.

அண்ணன் 2019இல் காலமானார். அண்ணனை இழந்ததோடு இன்னொன்றையும் இழந்தோம் என்பது அடுத்த திதியில்தான் உறைத்தது. இருபது வயது அம்மாவை, தலைப்பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த அம்மாவை அறிந்தவர் அவர் ஒருவர்தாம். நாங்கள் பிறப்பதற்கு முந்தைய அந்த அம்மாவைப் பற்றி இனி எங்களில் எவரும் எதுவும் சொல்ல இயலாது. அவர் சொல்லி முடித்தவை மட்டும் எங்களிடம் இருந்தன.

அவ்வாண்டு பழைய வீட்டுப் பரணை ஒழித்தபோது, கோணி ஊசியால் தைத்த ஒரு தொடர்கதைக் கட்டு கிடைத்தது. வார இதழிலிருந்து வாரந்தோறும் கிழித்தெடுத்துச் சேர்த்துத் தைத்து வைப்பது அந்நாளில் வீடுதோறும் நடந்ததுதான். சிற்றிதழ் வாசகர்கள் பலரின் வாசிப்பே அப்படிப்பட்ட கட்டுகளிலிருந்து தொடங்கியிருக்கும். இந்தக் கட்டில் ஓர் அத்தியாயம் இல்லை. அந்த வாரம் இதழ் கைக்கு வரவில்லை போலும். அத்தியாயம் இருக்க வேண்டிய இடத்தில் கணக்கு நோட்டுத் தாள் ஒன்று சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. அதில் பென்சிலால் எட்டு வரிகள். யாரிடமோ கதையைக் கேட்டு அம்மா எழுதி வைத்தது. அவள் கையெழுத்தில் எங்களிடம் இருப்பது அது ஒன்றே.

கதையின் நாயகன் அந்த வாரமும் ஊருக்கு வரவில்லை. அந்தப் பெண் ரயிலடிவரை போய்த் திரும்பிவிட்டாள் என்பதுதான் ஏழு வரிகளின் சாரம். எட்டாவது வரி கதையில் இருந்திருக்க முடியாது. "பாவம், அவள் என்ன செய்வாள்" என்று எழுதியிருந்தது.

தங்கை அதை வாய்விட்டுப் படித்தாள். அடுக்களையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, "அப்படி இல்ல" என்றாள். எது அப்படி இல்லை என்று எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. "அம்மா 'பாவம்'னு வெடுக்குனு சொல்லமாட்டா. 'பா'வை இழுப்பா. இழுத்துட்டு, 'வம்' பாதி வாய்க்குள்ள போயிரும்."

தங்கை மறுபடி சொன்னாள். அக்கா தலையசைத்து மறுத்தாள். மூன்றாம் முறை சொன்னபோது அக்கா ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். நாங்கள் இருவரும் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டோம். அதுவரை அது எங்களுக்குள் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. குரல் முழுவதும் அன்று. ஒரே ஒரு சொல். தங்கை அதை அன்று மாலைவரை அவ்வப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நினைவு ஒரு தலைக்குள் முழுமையாக இருப்பதில்லை என்று இப்போது எங்களுக்குத் தோன்றுகிறது. தாள் பரணில் கிடந்தது, ஒலி அக்காவிடம் இருந்தது, சொல்லிப் பார்க்கும் ஆவல் தங்கையிடம் இருந்தது. மூன்றும் ஒரே கூரையின்கீழ் வந்த நாளில்தான் அந்தச் சொல் பிறந்தது. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் மற்ற இரண்டும் வெறுமனே கிடந்திருக்கும்.

அம்மாவின் கல்யாணத்தின்போது எதிர்வீட்டில் இருந்த பெண் ஒருவர், இப்போது எண்பதைக் கடந்தவர், அம்பாசமுத்திரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். காது சற்று மந்தம். நினைவு தெளிவு என்கிறார்கள். விடுபட்ட அத்தியாயத்தின் கதையை அம்மாவுக்குச் சொன்னவர் அவராகவும் இருக்கலாம். இந்த ஆண்டு திதிக்கு முன்பே போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம். தங்கை ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறாள். முதல் பக்கத்தில் அவள் எழுதியிருக்கும் கேள்விகளில் முதலாவது, அந்தப் பிடியரிசி பானைக்குப் போனதா, கலயத்துக்குப் போனதா என்பது.