சைஸை நெருங்கும் வித்தை

பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்து ஐ.டி.ஐ. சேர்க்கை நடக்கும் நாட்களில், தெரிந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வருவார்கள். எந்த டிரேடு எடுத்தால் நல்லது என்று கேட்பார்கள். அப்பா சம்பளத்தைப் பற்றி விசாரிப்பார், அம்மா அடிகிடி படுமா என்று கவலைப்படுவார். பிள்ளை வாயே திறக்காது. கிளம்புகிற நேரத்தில்தான் மெதுவாகக் கேட்கும்: "கணக்குக் கம்மியா வர்ற டிரேடு எதுங்ணா?"

அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொண்டதே கிடையாது. கை வேலையில் கெட்டிக்காரனாக வரவேண்டிய பிள்ளை, கணக்கு மார்க்கைப் பார்த்தே தனக்கு எது வரும், எது வராது என்று முடிவு கட்டிவிடுகிறது. கோவை ஆவாரம்பாளையத்தில் லேத் முன்னால் நின்றே வயசாகிப்போன டர்னர் நான். பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: கைக்குப் பிடித்த தொழிலை எடு. அதற்கு வேண்டிய கணக்கு அந்தத் தொழிலோடு சேர்ந்தே வரும்.

கணக்கே இல்லாத தொழில் இருக்கிறது என்று சொல்லி யாரையும் நான் ஏமாற்றமாட்டேன். கொத்தனார் மூலை பிடிக்கும்போது ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்துக் குறுக்கே நூல் பிடிக்கிறார். 5 அடி வந்தால் மூலை சரி. 2,000 வாட் கீசருக்குப் பாயிண்ட் போடும் எலக்ட்ரீஷியன், அதை 230 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியர் சுமாருக்கு வருகிறது, 6 ஆம்பியர் பிளக் தாங்காது, 16 ஆம்பியர் வேண்டும் என்று அறிந்திருக்கிறார். பிளம்பருக்குக் கழிவுநீர்க் குழாயின் வாட்டம் கணக்கு, வெல்டருக்கு ராடின் கனத்துக்கு ஏற்ற ஆம்பியர் கணக்கு. ஆனால் ஒவ்வொரு தொழிலிலும் புழங்குகிற கணக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே கணக்குகள்தான் தினமும் திரும்பத் திரும்ப வரும்.

பிள்ளைகளோடு பேசிப்பேசி எனக்குப் புரிந்தது, அவர்களுக்கு எண்கள்மேல் பயமில்லை. மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும், எதையும் பார்க்கக்கூடாது, ஒரே தடவையில் சரியாக வரவேண்டும், தப்பினால் எல்லோர் முன்னாலும் நிற்கவேண்டும் என்ற நாலும் சேர்ந்துதான் பயமாகிறது. பட்டறையில் இந்த நாலுமே கிடையாது. சுவரில் டேப் டிரில் அட்டவணை தொங்குகிறது, பாக்கெட்டில் கால்குலேட்டர் இருக்கிறது. எம்10 மரைக்கு என்ன டிரில் என்று முப்பது வருஷம் வேலை பார்த்தவரும் நிமிர்ந்து அட்டவணையைப் பார்க்கிறார். மரையின் பிட்ச் 1.5, பத்திலிருந்து அதைக் கழித்தால் 8.5 மில்லி டிரில். பார்த்துச் செய்வதைத்தான் இங்கே பொறுப்பு என்பார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம், ஒரே தடவையில் சைஸுக்குப் போகச்சொல்லி லேத்தில் யாரும் கேட்பதில்லை. எங்கள் ஊர் பம்ப்செட் மோட்டார் ஷாஃப்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேரிங் நம்பர் 6205. கடைசி இரண்டு இலக்கம் 05, அதை ஐந்தால் பெருக்கினால் 25. பேரிங்கின் உள்விட்டம் 25 மில்லிமீட்டர். 6206 என்றால் 30. 04-இலிருந்து மேலே போகும் வழக்கமான சைஸ்களுக்கு இந்த வாய்ப்பாடு பொருந்தும். பேரிங் இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதால் டிராயிங்கில் k6 என்று போட்டிருக்கும். அப்படியென்றால் ஷாஃப்ட் 25.002-க்கும் 25.015-க்கும் நடுவே நிற்கவேண்டும். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு 0.01, நாம் தேடுகிற இடத்தின் அகலம் அதைவிடச் சற்றுத்தான் கூடுதல். கேட்டவுடன் பிள்ளைகளுக்கு முகம் வெளுத்துவிடும்.

மெஷினை நிறுத்தி, ஜாப்பை, அதாவது வெட்டிக்கொண்டிருக்கும் அந்த ஷாஃப்ட்டைத் துடைத்து, மைக்ரோமீட்டரைக் கையில் கொடுப்பேன். ராட்செட்டைத் திருகச் சொல்வேன். ஜாப்பைத் தொட்டதும் அது டிக் டிக்கென்று நழுவும். கை அழுத்தத்துக்கு அங்கே வேலை இல்லை. ஸ்லீவில் 25, திம்பிளில் 41. ஆக 25.41. நமக்கு வேண்டியது 25.01. கூடுதலாக இருப்பது 0.40. டூல் ஒரு பக்கத்திலிருந்து வெட்டினாலும் ஜாப் சுற்றுவதால் விட்டத்தில் இரண்டு மடங்கு குறையும். ஆகவே டூலை 0.20 உள்ளே தள்ளினால் போதும். ஆனால் அத்தனையையும் ஒரே கட்டில் எடுக்க விடமாட்டேன். எங்கள் லேத் டயலில் ஒரு கோடு 0.02. முதலில் ஐந்து கோடு மட்டும். ஒரு கட் ஓட்டி நிறுத்தி மறுபடி அளக்கச் சொல்வேன். கணக்குப்படி 25.21 வரவேண்டும். மைக்ரோமீட்டர் 25.22 காட்டும்.

இந்த இடத்தில் பிள்ளைகள் தாங்கள்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து என்னைப் பார்ப்பார்கள். தப்பு ஒன்றும் இல்லை. வெட்டும் விசையில் டூலும் ஜாப்பும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அந்த 0.01-ஐ எந்தத் தாளும் முன்கூட்டிச் சொல்லாது, அளந்தால்தான் தெரியும். இன்னொரு ஐந்து கோடு கொடுத்தால் 25.02-க்குப் பக்கமாக வரும். ஜாப் ஆறட்டும். சூடாக இருக்கும்போது அளந்தால் ஏமாந்துபோவோம். 25 மில்லி இரும்பு 40 டிகிரி கூடினாலே ஏறக்குறைய 0.01 பெருத்துக் காட்டும். ஆறியபின் அளந்து, மீதியை எமரி பேப்பரால் இழைத்து எடுத்தால் 25.01.

கழித்தல், பாதியாக்குதல், அளத்தல், மறுபடி கழித்தல். இதற்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும். வேண்டியது பொறுமை. கணக்குக்குப் பயந்த பிள்ளைகள் பலர் இந்த வேலையில் நன்றாக வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தன் விடையை உடனே நம்பாத பிள்ளை இரண்டு முறை அளக்கும். பள்ளியில் அதைத் தயக்கம் என்றார்கள். எங்கள் வேலையில் ஜாப் ரிஜெக்ட் ஆகாமல் காப்பாற்றுவதே அந்தத் தயக்கம்தான்.

டேப்பர், அதாவது ஒரு முனையை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும் வடிவம், வரும்போது முக்கோணவியல் வருகிறது. பெரிய விட்டம் 40, சிறிய விட்டம் 30, நீளம் 50. விட்டங்களின் வித்தியாசம் பத்தை நீளத்தின் இரண்டு மடங்கான நூறால் வகுத்தால் 0.1. எந்தக் கோணத்தின் டேன் அது என்று பார்த்தால் 5 டிகிரி 43 நிமிடம். காம்பவுண்ட் ஸ்லைடை அத்தனைக்குத் திருப்பி வெட்டிவிட்டு, ஜாப்பில் புளூ தடவி கேஜுக்குள் விட்டுத் திருப்பிப் பார்ப்போம். நீலம் எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் தொடுகிறது. வகுப்பில் டேன் என்றதும் கண்ணைத் தாழ்த்திக்கொண்ட பெண் ஒருத்தி, அந்த அழிந்த தடத்தைப் பார்த்துவிட்டு, "பெரிய பக்கந்தான் தொடுது. கோணம் கூடிப்போச்சு, கொஞ்சம் குறைக்கணுங்ணா" என்று தானாகவே சொன்னாள். டேன் என்றால் என்ன என்று அதற்கப்புறம் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சேரப்போகிற பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். டர்னர், ஃபிட்டர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் டிரேடுகள் இரண்டு வருஷம், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வெல்டர் ஒரு வருஷம், எட்டாம் வகுப்பே போதும். பயிற்சியில் ஒர்க்‌ஷாப் கால்குலேஷன் என்று ஒரு பாடம் உண்டு. பின்னம், விகிதம், சதவீதம், பரப்பளவு, கொஞ்சம் முக்கோணவியல், பெரும்பாலும் இவைதான். சேருவதற்கு முன்னால் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இடம்வரை கூட்டவும் கழிக்கவும் பழகிக்கொண்டால் முதல் மாதம் மூச்சுத் திணறாது. அதற்குப் பள்ளிப் புத்தகத்தைவிட ஒரு வெர்னியர் நல்ல வாத்தியார். வீட்டில் கிடக்கிற போல்ட், டம்ளர், சைக்கிள் பேரிங் குண்டு எல்லாவற்றையும் அளந்து எழுதிப் பாருங்கள்.

சி.என்.சி. மெஷினுக்குப் போனாலும் அடிப்படை இதேதான். அங்கே எக்ஸ் மதிப்பைப் பெரும்பாலும் விட்டமாகவே எழுதுவதால் பாதியாக்கும் வேலைகூட இல்லை. புரோகிராம் எழுதவும் டிப்ளமா படிக்கவும் ஆசைப்பட்டால் கணக்கு கூடத்தான் செய்யும். அதற்குள் எண்களோடு கை பழகியிருக்கும்.

எந்த டிரேடு என்று முடிவு செய்யும் முன் இரண்டு மூன்று பட்டறைகளில் ஒரு நாள் முழுக்க நின்று பாருங்கள். எந்தச் சத்தம் பிடிக்கிறது, எந்த வேலையைப் பார்க்கும்போது கை துறுதுறுக்கிறது என்று கவனியுங்கள். அங்கே வேலை செய்கிறவரிடம், "அண்ணா, நீங்க தினமும் போடற கணக்கைக் காட்டுங்க" என்று கேளுங்கள். ஒரு தாளின் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். அந்த ஒரு பக்கத்தை உங்களால் கற்றுக்கொள்ள முடியும். உங்கள் கணக்கு மார்க்கைப் பார்க்காமலே இதை நான் உறுதியாகச் சொல்கிறேன்.