உப்பு பூத்த படிகள்

ஹனூரில் அம்மாயி வீட்டு வாசலில் கருங்கல் படிகள் உண்டு. ஐப்பசி மழை ஓய்ந்து பனி இறங்கியதும் அவற்றில் உப்பு பூக்கத் தொடங்கும். முதலில் கல்லில் வராது. இரண்டு கல் சேரும் சிமெண்ட் இடுக்கில் மெல்லக் கிளம்பி ஓரங்களுக்குப் பரவும். மாசிக்குள் படி முழுக்க வெளுத்துவிடும். (1956 வரை ஹனூர் இருந்த கொள்ளேகால் தாலுகாவே கோயம்புத்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. கன்னட நாட்டில் எங்களுக்கு அம்மாயி வாய்த்தது அப்படித்தான்.)

சிவராத்திரிக்கு மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போகிறவர்கள், கால் வலித்தால் எங்கள் படியில் உட்கார்ந்து மோர் குடிப்பார்கள். எழுந்தால் வேட்டியின் பின்பக்கம் விபூதி அப்பியதுபோல் இருக்கும். பிள்ளைகள் எல்லோரும் தூணுக்குப் பின்னால் ஒளிந்து சிரிப்போம். அம்மாயிக்கு மானம் போகும்.

அதனால் சிவராத்திரிக்கு முன்பே தேய்ந்த தென்னந்துடைப்பத்தோடு உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் கூடவே கூடாது. "ஊத்துனா கரைஞ்சு மறுபடி உள்ள போயிக்கும் கண்ணு, காஞ்சப்பவே கூட்டோணும்" என்பார். மண்ணிலும் சிமெண்டிலும் உள்ள உப்பு ஈரத்தில் கரைந்து மேலேறுகிறது, ஈரம் காய்ந்ததும் வெளியே தங்கிவிடுகிறது என்று நான் படித்தது பல வருஷம் கழித்து. கூட்டியதை முறத்தில் அள்ளித் தெருக்கோடியில் கொட்டுவார். முருங்கை பக்கம் கொண்டுபோனால் திட்டு விழும்.

கடைசிப் படியின் வெள்ளை வேறு ஜாதி. போர் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கும் இடம் அது. சிந்திச் சிந்திக் காய்ந்து சுண்ணாம்பு ஏடாகப் படிந்திருக்கும். துடைப்பத்துக்கு அசையாது. இரண்டையும் நாங்கள் நக்கிப் பார்த்திருக்கிறோம்: மேல்படி கரித்தது, கீழ்ப்படியில் ருசியே இல்லை. இதற்கு மட்டும் குழம்புக்குக் கரைத்த புளிச்சக்கையை அப்பி வைப்பார். காதை வைத்துக் கேட்டால் மெல்லிய இரைச்சல். புளியின் அமிலம் சுண்ணாம்பைக் கரைத்து நுரை கிளப்புகிற சத்தம் அது. ஊறியதும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, பழந்துணியால் ஈரமில்லாமல் ஒற்றியெடுப்பார். கருங்கல்லுக்குப் புளியால் ஒன்றும் ஆகாது. சலவைக்கல்லாக இருந்தால் அதையே தின்றிருக்கும்.

மாமாவுக்குப் பொறுமை கிடையாது. ஒரு தடவை கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை எல்லாப் படியிலும் ஊற்றிவிட்டார். புகை அடங்கியபோது படி பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் இடுக்குச் சிமெண்ட் அரித்துப் பொரிந்துபோயிற்று. அந்த வழியாக மழைத்தண்ணீர் தாராளமாக இறங்கி, அடுத்த பனிக்கு இரட்டிப்பாகப் பூத்தது. அம்மாயி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

பிறகு அவரே இடுக்கையெல்லாம் சுரண்டிப் பூசி, ஓட்டிலிருந்து படிக்குப் பின்னால் விழுந்த தண்ணீரை வாய்க்கால் வெட்டித் தெருவுக்குத் திருப்பினார். அந்த மாசியில் வெள்ளை பாதிகூட இல்லை. மாமா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாய்க்காலைக் காட்டினார். "நா பத்து வருசமாச் சொன்னது" என்றார் அம்மாயி, மோர்ப்பானையைத் தூக்கியபடி.