கழுத்தில் தங்கிய கொப்புளங்கள்

நம் வீடுகளில் இதற்கு ஒரு பெயரே கிடையாது. அம்மா 'சூட்டுக் கொப்புளம்' என்பார். நண்பர்கள் 'பரு' என்பார்கள். முடி வெட்டும் கடை அண்ணனோ 'பிளேடு ஒத்துக்கலை தம்பி' என்று முடித்துவிடுவார். சவரம் செய்த மறுநாள் தாடைக்குக் கீழும் கழுத்திலும் தடித்துச் சிவந்து, தொட்டாலே எரியும் சின்னச் சின்ன முடிச்சுகளைத்தான் சொல்கிறேன். மீசை அரும்பிய வயதில் வந்தவை, வேலைக்குப் போன பிறகும் என்னை விடவில்லை.

செகிஞ்சானில் குடியிருந்து, கோலசிலாங்கூர் பக்கம் ஓர் உணவுத் தொழிற்சாலைக்கு மோட்டாரில் போய் வருகிறேன். அங்கே முகம் தினமும் மழுமழுவென்று இருக்க வேண்டும் என்பது விதி. காலையில் சவரம், பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் வெயிலில் பயணம். ஹெல்மெட் வார் அதே இடத்தில் உரசும், வியர்வை இறங்கும். வேலைக்குப் போய்ச் சேரும்போது கழுத்து தீப்பிடித்ததுபோல் இருக்கும். "என்னப்பா, முகத்தை ஒழுங்கா கழுவுறதே இல்லையா?" என்று மேற்பார்வையாளர் ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். எரிச்சலைவிட அந்தக் கேள்விதான் அதிகம் வலித்தது. ஒரு நாளைக்கு மூன்று முறை முகம் கழுவுகிறவன் நான்.

வீட்டில் வைத்தியத்துக்குக் குறைவில்லை. இளநீர் குடி, எண்ணெய் தேய்த்துக் குளி, மஞ்சள் பூசு, எலுமிச்சை தடவு. இதில் எலுமிச்சையை மட்டும் யாரும் முயல வேண்டாம். அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகிக் கறுத்துவிடும். நெல் வயல் வெயிலில் நடமாடுகிற நமக்கு அது தேவையா?

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி, எண் வாங்கிக் காத்திருந்தபோது இதற்கெல்லாம் டாக்டரைப் பார்ப்பதா என்று கூச்சமாகத்தான் இருந்தது. அந்த இளம் டாக்டர் என் கழுத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது அழுக்கால் வருவதில்லை, உங்கள் முடி சுருள் முடி" என்றார். வருடக்கணக்காக எனக்கு யாரும் சொல்லாத செய்தி அது.

இதன் மருத்துவப் பெயர் சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே. சுருண்டு வளரும் முடியைச் சவரம் செய்யும்போது அதன் நுனி ஊசிபோல் கூர்மையாகிறது. வெளியே வந்த முடி வளைந்து மீண்டும் தோலுக்குள் குத்துகிறது. பல பிளேடுகள் கொண்ட ரேஸர் முடியை இழுத்துத் தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டுவதால், சில முடிகள் வெளியே வராமலே உள்ளே குத்திக்கொள்கின்றன. உடம்பு அதை முள் குத்தியதுபோல் எடுத்துக்கொண்டு வீங்குகிறது. எவ்வளவு நெருக்கமாக மழிக்கிறோமோ, தொல்லையும் அவ்வளவு அதிகம்.

அப்பா நினைவுக்கு வந்தார். தோட்டத்து லயத்து வாசலில், கண்ணாடியை ஆணியில் மாட்டி, ஒற்றை பிளேடு ரேஸரால் வாரத்துக்கு இரண்டு முறைதான் சவரம் செய்வார். அவர் கழுத்தில் ஒரு கொப்புளமும் பார்த்ததில்லை. செம்பனைக் குலை வெட்டுகிறவரிடம் முகம் மழுமழுவென்று இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அவர் தோலுக்கு ஓய்வு கிடைத்தது.

டாக்டர் முதலில் சில வாரங்கள் சவரத்தையே நிறுத்தச் சொன்னார். முடி வளர்ந்தால் மாட்டிக்கொண்ட நுனிகள் தாமாகவே வெளியே வந்துவிடும். வேலையிடத்தில் காட்ட ஒரு கடிதமும் தந்தார். அதைப் பார்த்த பிறகு தாடிக்கு வலை மாட்டிக்கொண்டு வேலை செய்ய அனுமதித்தார்கள்.

இப்போது நான் செய்வது இதுதான். குளித்த பிறகே சவரம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சில நிமிடம் வைத்து, நுரை பூசி, அது ஊறும்வரை பொறுப்பேன். கழுத்தில் முடி ஒரே பக்கமாக வளர்வதில்லை. விரலால் தடவிப் பார்த்து, அது போகும் திசையிலேயே ஒற்றை பிளேடை அழுத்தாமல் இழுப்பேன். தோலை இழுத்துப் பிடிப்பதில்லை. ஒரே இடத்தில் மறுபடி மறுபடி ஓட்டுவதுமில்லை. மொண்ணையான பிளேடு குப்பைக்குப் போய்விடும். பிறகு குளிர்ந்த நீர், ஆல்கஹால் இல்லாத களிம்பு. அவசரமான நாள்களில் டிரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டிக்கொள்வேன். எதிரே நின்று பார்க்கிறவருக்கு அது சுத்தமான முகம்தான்.

உள்ளே மாட்டிய முடி தெரிந்தால் நுனியை மட்டும் மெல்ல வெளியே எடுத்துவிடலாம். வேரோடு பிடுங்கினால் அது மீண்டும் உள்ளேயே முளைக்கும். கிள்ளினால் தழும்பு. நம் நிறத்துத் தோலில் அந்தக் கருமை போக மாதங்கள் ஆகும், சிலருக்குத் தழும்பு தடித்தும் போகும். ஸ்டீராய்டு கலந்த களிம்பை டாக்டர் சொல்லாமல் நாள்கணக்கில் தடவாதீர்கள், தோல் மெலிந்துவிடும். சீழ் வைத்தாலோ, வட்டமாகப் பரவினாலோ, அது கிருமித் தொற்றாகவோ படையாகவோ இருக்கலாம். கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

இந்தத் தொல்லையால் உலகில் அதிகம் அவதிப்படுகிறவர்கள் ஆப்பிரிக்க வம்சாவளியினர். அமெரிக்கப் படைகளில் இதற்காகவே மருத்துவச் சான்றின் பேரில் சவரத்துக்கு விலக்கு தரும் வழக்கம் இருந்துவந்திருக்கிறது. 1993-ல் அங்குள்ள ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரு பீட்சா கடையின் தாடித் தடை கறுப்பின ஆண்களைப் பாதிக்கிறது என்றும், விதிவிலக்கே தராத அளவுக்கு அந்தத் தடை வியாபாரத்துக்கு அவசியம் என்று நிறுவனம் நிரூபிக்கவில்லை என்றும் சொன்னது. இறுக்கமான சுவாசக் கவசம் அணிகிற வேலை வேறு. அங்கே முடி இருந்தால் காற்று கசியும், உயிருக்கே ஆபத்து. ஆனால் வரவேற்பு மேசையிலும் கணக்குப் பிரிவிலும் ஒரு மில்லிமீட்டர் முடியால் யாருக்கு என்ன நஷ்டம்?

பெண்பிள்ளைகளுக்கு வயது வந்ததும் வீட்டில் ஏதோ சொல்லித் தருகிறோம். பையன் கையில் ஒரு ரேஸரைக் கொடுத்துவிட்டு, அவனே பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடுகிறோம். அடுத்த மாதம் நேர்முகத் தேர்வுக்குப் போகும் என் அக்கா மகனுக்குக் கழுத்தெல்லாம் இதே முடிச்சுகள். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு மறைத்துக்கொண்டே பேசுகிறான். போன ஞாயிறு அவனை உட்காரவைத்து, முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று அவன் விரலாலேயே தடவிப் பார்க்கச் சொன்னேன். "மாமா, இது என் தப்பு இல்லையா?" என்று கேட்டான்.

"இல்லடா" என்றேன். நீங்களும் உங்கள் வீட்டுப் பையனிடம் அதைச் சொல்லிவையுங்கள்.