மறந்துபோன ஒரு பட்டை

குற்றம் ஓரிடத்தில் இருக்க, பழியை வேறோரிடத்தில் சுமத்திய அனுபவம் உங்களுக்கும் இருக்கலாம். எனக்கு அந்தப் பாடத்தைக் கற்பித்தது ஒரு பழைய அம்பாஸடர் கார்.

1994ஆம் ஆண்டு. அத்தா விட்டுச் சென்ற அந்தப் பெட்ரோல் வண்டியை வாடகைக்கு ஓட்டித்தான் கோவையில் எங்கள் குடும்பம் பிழைத்து வந்தது. டீசல் மலிவு என்பதால் அந்நாளில் பலரும் எஞ்சினை மாற்றிக்கொண்டிருந்தனர். நானும் மனைவியின் வளையல்களை அடகு வைத்து, உக்கடத்தில் ஒரு பழைய டீசல் எஞ்சினை வாங்கினேன்.

பொருத்தி முடித்துச் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஒலி மட்டுமே எழுந்தது. பேட்டரியை மாற்றினோம், ஸ்டார்ட்டரைக் கழற்றிச் சோதித்தோம், பயனில்லை. எஞ்சின் இறுகிப்போனது என்று நானே முடிவு கட்டினேன். ஜும்ஆ தொழுது வெளியே வந்த வியாபாரியை நால்வர் முன்னிலையில், “ஏமாற்றிவிட்டீர்களே!” என்றேன். “பழுதென்றால் பணத்தைத் திருப்பித் தருகிறேன். பொறுமையாகப் பாருங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

மறுநாள் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் முன்புறப் புல்லியை ஸ்பேனரால் திருப்பினார், எஞ்சின் சுழன்றது. விளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார், வெளிச்சம் மங்கவில்லை. பின்னர், எஞ்சினை நிறுத்த இழுக்கும் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். அது சுட்டது!

“எஞ்சினை ஏனுங்க பாய் குறை சொல்றீங்க? போன கரண்டு திரும்பி வர வழி வேணுமில்லீங்களா?” என்றார்.

எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே எஞ்சினையும் பாடியையும் இணைக்க ‘எர்த்’ பட்டை ஒன்று உண்டு. எஞ்சினை மாற்றியபோது அதனைப் பூட்ட மறந்திருந்தோம். டீசல் எஞ்சின் காற்றை மிக அதிகமாக அழுத்துவது; அதனைச் சுழற்ற வேண்டிய பெரும் மின்சாரம் மெல்லிய கேபிள் வழியே திரும்ப முயன்று அதனைச் சூடாக்கியிருந்தது.

பட்டையைப் பூட்டியதும் ஸ்டார்ட்டர் சுழன்றது. டீசல் குழாயில் புகுந்திருந்த காற்றை வெளியேற்றினார். அல்ஹம்துலில்லாஹ், எஞ்சின் உறுமி எழுந்தது.

எஞ்சினை மாற்ற நினைப்போர் முதலில் பதிவு அதிகாரியின் அனுமதியைப் பெறுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அதனைக் கோருகிறது. மாற்றிய பின் வண்டி கிளம்பாவிடில், கழற்றி மாட்டியவற்றை முதலில் பாருங்கள். நம் கைபட்ட இடத்தில்தான் பெரும்பாலும் பிழை இருக்கும்.

அடுத்த வெள்ளியன்று அதே நால்வரைத் தேடிப் பிடித்து, அவர்கள் முன்னிலையிலேயே வியாபாரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கரங்களைப் பற்றிக்கொண்டு, “வண்டி ஓடுகிறதல்லவா?” என்றார். வளையல்கள் ஓராண்டில் மீண்டுவிட்டன. சொன்ன சொல்லை மீட்பது அதைவிடக் கடினமாக இருந்தது.