மொட்டை மாடியில ஒரு மன்ரோவியா!

மதுரைக்கு வர்ற ஃப்ரெண்ட்ஸ் 'எங்கே போகலாம்?'னு கேட்டா, மீனாட்சி அம்மன் கோயில், நாயக்கர் மகால், ஜிகர்தண்டானு ஒரு லிஸ்ட் எப்பவும் ரெடியா இருக்கும். நான் சொல்லப்போற இடம் அந்த லிஸ்ட்ல இல்லை பாஸ். டிக்கெட் கிடையாது, போர்டு கிடையாது. கோரிப்பாளையத்துக்கும் செல்லூருக்கும் நடுவுல, ஒரு சந்துக்குள்ள இருக்கிற மொட்டை மாடி அது.

பெரியார் பஸ் ஸ்டாண்டுல டவுன் பஸ் ஏறணும். ஏ.வி. பாலத்துல பஸ் போகும்போது, வைகையில தண்ணி இருக்கானு எல்லாரும் ஒருமுறை எட்டிப் பார்ப்பாங்க. பார்த்து முடிக்கிறதுக்குள்ள கோரிப்பாளையம் வந்துடும். தர்கா பக்கம் இறங்கி, டீக்கடைகளைத் தாண்டி நடந்தா சந்து. எதிர்ல பைக் வந்தா நாம சுவரோட ஒட்டி நிக்கணும். ஒரு வீட்டு வாசல்ல மல்லிகை தொடுப்பாங்க. அடுத்த வீட்டுல இட்லி வேகும். எதிர்வீட்டுல தையல் மெஷின் சத்தம். இந்துக்கள் வீடும் முஸ்லிம்கள் வீடும் சுவரோட சுவரா நிக்கிற தெரு.

இங்கே எதுக்குப் படம்? அதுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கு. இது என் கிளாஸ்மேட் வீடு. அவன் தங்கச்சி பி.காம். ரெண்டாவது வருஷம். மகளிர் தினத்துக்காக அவங்க காலேஜ்ல சாயங்காலம் ஒரு டாகுமென்டரி போட்டாங்க. படம் முடிஞ்சு பஸ் பிடிச்சு வீடு வர ராத்திரி 9 ஆயிடும். 'பொம்பளப் புள்ள அந்நேரத்துக்கு வெளிய சுத்த வேணாம்'னு அப்பா முடிச்சிட்டார். தங்கச்சி அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. "சரிப்பா, நான் போகலை. அந்தப் படம் இங்க வரட்டும்"னு சொல்லுச்சு. அதுக்கு அப்பாகிட்ட பதில் இல்லை. நானும் புரொஜெக்டரைத் தூக்கிக்கிட்டு அந்த மாடிக்கு ஏறினேன்.

படத்தோட பேர் 'ப்ரே தி டெவில் பேக் டு ஹெல்'. 2008-ல வந்தது. 72 நிமிஷம். இயக்கினது ஜினி ரெட்டிக்கர். தயாரிச்சது அபிகெய்ல் டிஸ்னி. மிக்கி மவுஸ் டிஸ்னி குடும்பத்துப் பேத்திதான்! ஆனா படத்துல கார்ட்டூன் எதுவும் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கிற லைபீரியாவோட நிஜக் கதை. 1989-ல இருந்து 2003 வரைக்கும் அங்கே ரெண்டு உள்நாட்டுப் போர். சின்னப் பசங்க கையில எல்லாம் துப்பாக்கி. செத்தவங்க 2,50,000 பேர் வரை இருக்கும்னு மதிப்பிடுறாங்க.

எட்டு முழ வேட்டியைச் சுருக்கம் இல்லாம இஸ்திரி போட்டு, துணி காயப்போடுற ரெண்டு கம்பிக்கு நடுவுல இழுத்துக் கட்டினோம். அதுதான் ஸ்க்ரீன். கல்யாண வீடியோ எடுக்கிற அண்ணன் புரொஜெக்டர் கொடுத்தார். மக்ரிப் தொழுகை முடிஞ்சு எதிர்வீட்டு நன்னி பேத்தியோட வந்து சேர்ந்தாங்க. பூக்கார அக்கா தொடுக்க வேண்டிய மல்லிகையைக் கூடையோட கொண்டு வந்துட்டாங்க. "கை வேலையைப் பாக்கும், கண்ணு படத்தைப் பாக்கும்"னாங்க. இட்லிக்கடை அக்கா ஒரு தூக்கு நிறைய பருத்திப்பாலோட ஆஜர். எண்ணிப் பார்த்தா 26 பேர். படம் இங்கிலீஷ். அதனால மைக் இல்லாத டப்பிங் ஆர்ட்டிஸ்ட் நான்தான். ஒரு சீன் ஓடும், பாஸ் பண்ணுவேன், தமிழ்ல சொல்லுவேன். 72 நிமிஷப் படம் ரெண்டு மணி நேரம் ஓடுச்சு.

லேமா போவீ ஒரு சோஷியல் வொர்க்கர். போரை நிறுத்தணும்னு சர்ச்சுல பெண்களைக் கூட்டுறாங்க. அந்தக் கூட்டத்துல அசாட்டு கென்னத்னு ஒரு முஸ்லிம் பெண் போலீஸ் அதிகாரி எழுந்து, நாங்களும் வர்றோம்னு சொல்றாங்க. துப்பாக்கிக் குண்டுக்கு யார் கிறிஸ்டியன், யார் முஸ்லிம்னு தெரியுமாங்கிற கேள்வி படத்துல வந்தப்போ, நன்னி பக்கத்துல இருந்த பூக்கார அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினாங்க.

2003 ஏப்ரல்ல தலைநகர் மன்ரோவியாவுல, மீன் மார்க்கெட் பக்கத்துல இருக்கிற மைதானத்துல பெண்கள் வெள்ளை டிரெஸ்ல வந்து உட்கார்றாங்க. ஜனாதிபதி சார்லஸ் டெய்லரோட கார் அந்த வழியாத்தான் போகும். நகை இல்லை, மேக்கப் இல்லை. வெயில், மழை எது வந்தாலும் எழுந்திருக்கலை. போர் நிக்கிற வரைக்கும் வீட்டுக்காரரோட படுக்கிறது இல்லைனு ஒரு முடிவும் எடுக்கிறாங்க. இதை இத்தனை அம்மாக்கள் முன்னாடி எப்படிச் சொல்றதுனு நான் முழிக்க, "புரியுது தம்பி, மேல ஓட்டு"னு இட்லிக்கடை அக்கா சொல்ல, மாடியே குலுங்கிச் சிரிச்சுது.

அதே வருஷம் கானா நாட்டு அக்ராவுல சமாதானப் பேச்சுவார்த்தை வாரக்கணக்குல இழுக்குது. ஜூலையில பெண்கள் ஹாலோட வாசல்ல கைகோத்து உட்கார்ந்து, உள்ளே இருக்கிறவங்களை வெளியே விட மாட்டோம்ங்கிறாங்க. காவலர்கள் கைது பண்ண வந்தப்போ, லேமா தன் ஆடையைத் தானே கழற்றத் தொடங்குறாங்க. ஒரு தாய் அப்படி நின்னா பார்க்கிற ஆம்பளைக்குச் சாபம்னு அங்கே நம்பிக்கை. காவலர்கள் பின்வாங்கிட்டாங்க. "நம்ம ஊர்ல தலையை விரிச்சுப் போட்டு மண்ணை வாரித் தூத்துவாளே, அது மாதிரி"னு பூக்கார அக்கா ஒரே வரியில புரிய வெச்சாங்க. என் மொழிபெயர்ப்பு அங்கே தேவைப்படலை.

ஆகஸ்ட் 11-ல டெய்லர் பதவி விலகினார். 18-ல ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. 2005 தேர்தல்ல எலன் ஜான்சன் சர்லீஃப் ஜெயிச்சாங்க. ஆப்பிரிக்காவுல தேர்தல்ல ஜெயிச்சு ஜனாதிபதியான முதல் பெண் அவங்கதான். 2011 நோபல் அமைதிப் பரிசு, எலன், லேமா, ஏமன் நாட்டு தவக்குல் கர்மான் மூணு பேருக்கும் சேர்த்து.

நமக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு. 2007 ஜனவரியில நம்ம நாட்டு சி.ஆர்.பி.எஃப். பெண்கள் நூத்துக்கும் மேல லைபீரியாவுக்குப் போனாங்க. முழுக்கப் பெண்களே இருந்த ஐ.நா.வோட முதல் போலீஸ் படைப்பிரிவு அது. 2016 வரைக்கும் முறை மாத்தி மாத்தி அங்கே காவல் இருந்தாங்க. இதைச் சொன்னதும் நன்னியோட பேத்தி நிமிர்ந்து உட்கார்ந்துச்சு. நன்னி மட்டும், "கொன்னவனுக்கெல்லாம் தண்டனை கெடச்சுதா?"னு கேட்டாங்க. டெய்லருக்கு 2012-ல 50 வருஷ ஜெயில். ஆனா அது பக்கத்து நாடான சியரா லியோன்ல நடந்த குற்றங்களுக்கு, லைபீரியாவுல நடந்ததுக்கு இல்லைனு சொன்னேன். நன்னி 'ப்ச்'சுன்னாங்க.

அப்போதான் தங்கச்சி வாயைத் திறந்துச்சு. "அவங்க ரோட்டுல உட்கார்ந்து ஜெயிச்சாங்க. அதை நான் மாடியில உட்கார்ந்துதான் பாக்கணும், இல்ல?"

யாரும் பேசலை. அப்பா மாடிப்படி ஓரத்துல நின்னுக்கிட்டு இருந்தார். பூக்கார அக்கா நாரைப் பல்லால கடிச்சு அறுத்துட்டு நிதானமா சொன்னாங்க: "அண்ணே, காலையில நாலு மணி இருட்டுல நான் தனியாத்தான் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போறேன். இத்தனை வருஷத்துல ஒருத்தரும் போகாதேன்னு சொல்லலை. பொழப்புக்குப் போனா இருட்டு தெரியலை. அவ ஆசைப்பட்டு ஒண்ணு பாக்கப் போனா மட்டும் இருட்டு தெரியுதா?"

என் நோட்டுல நான் எழுதி வெச்ச அத்தனை வருஷங்களையும் பேர்களையும் விட, இந்தக் கேள்விதான் அன்னிக்கு அந்த மாடியில பெருசா நின்னுச்சு. செமினார் ஹால்ல போட்டிருந்தா பூக்கார அக்கா வந்திருக்க மாட்டாங்க. வீட்டுல படம் போடுறதுல இருக்கிற லாபம் அதுதான்.

வயரைச் சுத்தும்போது அப்பா மெதுவா, "அடுத்த தடவை காலேஜ்ல போட்டா சொல்லு. பஸ் ஸ்டாப்புல வந்து நிக்கிறேன்"னார். தங்கச்சி என்கிட்ட, "பாதி ஜெயம்தாண்ணே. மீதிக்கு இன்னும் எத்தனை படம் போடணுமோ!"னு கண்ணடிச்சுச்சு.

நீங்களும் உங்க வீட்டுல போடலாம். சில டிப்ஸ்: படம் கொஞ்சம் மங்கலா இருந்தாலும் பரவாயில்லை, சத்தம் தெளிவா கேக்கணும். மொழிபெயர்க்க ஒரு ஆள், பேச அரை மணி நேரம், ரெண்டும் கண்டிப்பா வேணும். தெருவையே கூப்பிடுறதா இருந்தா படத்தை எடுத்தவங்ககிட்ட முன்கூட்டியே அனுமதி கேளுங்க. கம்யூனிட்டி ஸ்க்ரீனிங்குக்குனே தனியா உரிமம் தர்ற டாகுமென்டரி டீம்கள் நிறைய. ஆம்பளைங்களை மாடிப்படியோட நிறுத்திடாதீங்க, பாயைப் போட்டு உள்ளே உட்கார வைங்க. அவங்கதான் முக்கியமா பார்க்க வேண்டியவங்க!