போன் வண்டியில் போயிருக்கிறது

ஏப்ரல் 2, 2020

மார்ச் 23 அன்று மூன்று சுடிதாரோடு கொடைக்கானல் மலையில் எங்கள் ஊரான போளூர் வந்து சேர்ந்தேன். மதுரையில் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன்; தங்கியிருந்த விடுதியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போய்விடலாம் என்று கிளாவரை பஸ்ஸில் ஏறியது. மறுநாள் இரவே பிரதமர் 21 நாள் ஊரடங்கு என்றார்.

இன்று கல்லூரியிலிருந்து செய்தி: திங்கள் முதல் ஆன்லைன் வகுப்பு, தினமும் காலை 10 மணி. வருகைப் பதிவோடு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால்தான் சம்பளம். இந்தச் செய்தி என் போனுக்கு வந்தது ஊருக்கு மேலே, தைல மரங்களைத் தாண்டிய பாறையில் நின்றபோது. வீட்டில் டவர் எடுக்காது. கரண்டு போனால் பாறையிலும் எடுக்காது.

ஏப்ரல் 6

வகுப்பு நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அடக்கவிலைக் கணக்கில் மறைமுகச் செலவுகளைப் பங்கிடுவது பற்றிப் பேச்சு. பாதியில் என் முகம் உறைந்துவிட்டது என்று யாரோ எழுதினார்கள். அறுபது பேரில் வந்தது பதினொன்று. மூடுபனி ஏறி வந்து எதிரே இருந்த பீன்ஸ் தோட்டம் மறைந்தது. பின்னால் சருகு நொறுங்கும் சத்தம். ஒற்றைக் காட்டுமாடு, கொம்பைத் தாழ்த்தாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் போனை அணைக்காமலே கீழே இறங்கிவிட்டேன். மாணவர்கள் என் மூச்சிரைப்பைக் கேட்டிருப்பார்கள்.

அப்பத்தா: "மூடுபனி ஏறுனா அந்தப் பக்கம் போகாத தாயி. காலேஜ்காரன் வந்து மாட்ட வெரட்டுவானா?"

ஏப்ரல் 9

வீட்டுக்கு இணைய இணைப்பு கேட்டு ஒரு நிறுவனத்தைப் பாறையிலிருந்து அழைத்தேன். சர்வே செய்துவிட்டுக் கூப்பிடுகிறோம் என்றார்கள். எந்த டவரில் கூப்பிடுவார்கள்?

ஏப்ரல் 20

பக்கத்து வீட்டுத் தம்பி ரீசார்ஜ் செய்யத் தன் போனைக் காய்கறி வண்டிக்கார அண்ணனிடம் கொடுத்துவிட்டிருக்கிறான். காய்கறிக்குத் தடை இல்லை என்பதால் இந்த மலையில் தினமும் ஏறி இறங்குவது அந்த வண்டி ஒன்றுதான். சாயங்காலம் போன் திரும்பி வந்தபோது ரீசார்ஜோடு ஒரு வாரத்து வாட்ஸ்அப்பும் வந்திருந்தது. டேட்டாவை அணைக்காமல் கொடுத்திருக்கிறான்!

அண்ணனிடம் கேட்டேன். "வழியில பூம்பாறை கிட்ட போனா வண்டிக்குள்ள ஒரே கூப்பாடும்மா. டிங்கு டிங்குன்னு நிக்கவே மாட்டேங்குது."

ஏப்ரல் 22

முதல் முறையாக என் போனைக் கொடுத்தனுப்பினேன். இரவே குரல் பதிவுகளாகப் பாடத்தைப் பேசி, வாட்ஸ்அப் குழுவில் அனுப்பு பொத்தானை அழுத்தி வைத்துவிட்டேன். கடிகாரச் சின்னத்தோடு அவை காத்திருந்தன. வண்டி போன இடத்தில் தானாக ஏறிவிட்டன. வீடியோ என்றால் நடக்காது. குரல் பதிவு சின்னது, வழியில் ஐந்து நிமிடம் டவர் கிடைத்தால் போதும்.

கை சும்மா இருந்த அந்தப் பகல் முழுக்க அப்பாவோடு கேரட் தோட்டத்தில் களை எடுத்தேன்.

சாயங்காலம் பதில்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஒருநாளும் காலை வகுப்புக்கு வராதவள், இரவு ஒன்பதரைக்குத்தான் கேட்க முடியும் என்று முன்கூட்டியே எழுதியிருந்தாள்: "மிஸ், போன் அப்பாவோடது. அவர் வேலை முடிஞ்சு வந்ததும் கேட்டுட்டு டவுட் அனுப்புறேன். நீங்க எப்பப் பதில் சொன்னாலும் சரி."

மே 6

சென்னையில் கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டை நேற்று மூடிவிட்டார்களாம். அப்பா இரவு சாப்பிடவில்லை.

மே 17

வண்டியின் முன்கண்ணாடி ஓரத்தில் இப்போது ஒரு மஞ்சப்பை. உள்ளே ஊர்ப் போன்கள். யாருடையது எது என்று தெரிய, பின்னால் பிளாஸ்திரி ஒட்டிப் பேர். என் போனுக்குப் பக்கத்தில் டீக்கடை மாமாவின் போன். திருப்பூரில் மாட்டிக்கொண்ட மகனின் குரல் அதில்தான் வருகிறது. அவர் அதைக் கடையில் எல்லோர் முன்னாலும் சத்தமாக வைத்துக் கேட்பார். நான் கேட்டும் கேட்காததுபோல டீயைக் குடிப்பேன்.

கல்லூரியில் இதைச் சொன்னேன். என் குரல் பதிவுகளை இப்போது நாற்பது பேருக்கு மேல் கேட்கிறார்கள் என்றேன். நேரலை அல்லாத வகுப்பு வகுப்பாகாது என்று பதில் வந்தது. ஏப்ரல் சம்பளம் பாதி.

ஜூன் 10

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து என்று முதல்வர் பழனிசாமி அறிவித்தது நேற்று. மேலத்தெருப் பாப்பாவுக்கு இன்று சாயங்காலம்தான் தெரியும். ஒரு நாள் கூடுதலாகப் படித்துவிட்டாள். புத்தகத்தைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். "அப்ப நான் படிச்சதுக்கு மார்க்கு யாரு தருவா?" என்று அழுதாள்.

ஜூன் 27

மாவட்டம் விட்டு மாவட்டம் போக மறுபடி இ-பாஸ். விடைத்தாள் விஷயமாக ஒரு முறை மதுரை வரச் சொல்கிறார்கள். பாறையில் நின்று ஆதார் படத்தை ஏற்றப் பார்த்தேன். சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மழை.

ஜூலை 19

பிளஸ் 2 மாணவர்களின் அரசு லேப்டாப்பில் பாட வீடியோக்களைப் பள்ளியிலேயே ஏற்றிக் கொடுக்கப்போகிறார்களாம். மஞ்சப்பை அரசாங்கம் வரைக்கும் போய்விட்டது என்று தோழிக்கு எழுதினேன். அவள் மஞ்சப்பை வழியாகவே ஒரு கட்டுரை அனுப்பினாள். கர்நாடகத்தில் தொட்டபள்ளாபூர் தாலுகாவில், 2000களின் தொடக்கத்திலேயே, 'டாக்நெட்' என்று நடத்தியிருக்கிறார்கள். பஸ்ஸில் வைஃபை கருவி. ஊருக்குள் பஸ் நுழையும்போது அங்குள்ள கணினி சேர்த்துவைத்த நில ஆவண விண்ணப்பங்களை வாங்கிக்கொள்ளும், நகரத்துக்கு வந்ததும் இறக்கிவிடும். கியூபாவில் வாராவாரம் சினிமாவும் செய்தியும் ஹார்ட் டிஸ்க்கில் வீடு வீடாகப் போகிறதாம். நமக்கு முன்னால் பெரிய கூட்டமே இருக்கிறது.

அண்ணனிடம் சொன்னேன். "அந்த பஸ்காரனுக்குத் தனியாச் சம்பளம் உண்டாம்மா?"

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. போன் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் என்று ஊரில் பேசி முடிவாயிற்று.

ஆகஸ்ட் 5

காற்று. கரண்டு இல்லை. வண்டி வரவில்லை.

ஆகஸ்ட் 6

அதேதான்.

ஆகஸ்ட் 9

நேற்று வண்டி வந்தது. மூணாறு பக்கம் ராஜமலையில் பெட்டிமுடி எஸ்டேட் தொழிலாளர் லயங்கள் மேல் மலை சரிந்துவிட்டது. 6ஆம் தேதி இரவு. அங்கே இருந்தவர்கள் கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் போன தேயிலைத் தொழிலாளிகள். அந்த இரவில் அங்கேயும் கரண்டு இல்லை, டவர் இல்லை. மறுநாள் காலையில் ஆள் நடந்து போய்ச் சொன்ன பிறகுதான் வெளியே தெரிந்திருக்கிறது.

காக்கை பறக்கிற வழியில் மூணாறு எங்களுக்குக் கொடைக்கானலைவிட ரொம்பத் தூரம் ஒன்றும் இல்லை. கிளாவரையிலிருந்து கேரளத்து வட்டவடை, கோவிலூருக்கு நடந்து போய்ப் பெண் கொடுத்து எடுத்தவர்கள் உண்டு. அப்பத்தா பெட்டிமுடி என்ற பேரைக் கேட்டதும் யார் யார் அந்தப் பக்கம் போனார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தது. யாரும் அங்கே இல்லை என்று உறுதிப்பட அடுத்த நாள் வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

டவர் இல்லாத அந்த இரவை நினைத்ததும் ஒரு தீர்ப்பு ஞாபகம் வந்தது: 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் ஃபஹீமா ஷிரின் வழக்கில், இணையம் பெறுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. விடுதியில் மாணவியர் மாலை 6 முதல் 10 வரை போன் வைத்திருக்கக் கூடாது என்ற விதியை எதிர்த்த வழக்கு. ஏப்ரலில் கல்லூரிக்கு எழுதிய கடிதத்தில் அதை மேற்கோள் காட்டலாமா என்று யோசித்திருந்தேன். இன்று அந்தக் கடிதத்தை எடுத்துப் படிக்கப் பிடிக்கவில்லை. நான் கேட்டதெல்லாம் வகுப்புக்கும் சம்பளத்துக்கும்.

மஞ்சப்பை இரவில் ஓடாது.

ஆகஸ்ட் 27

கல்லூரி அரியர் எல்லாம் பாஸ் என்று அறிவிப்பு. போளூரில் இரண்டு வீட்டில் கேசரி. இறுதியாண்டுக்கு மட்டும் தேர்வு உண்டு.

செப்டம்பர் 13

பெட்டிமுடியில் கிடைத்தது 66 உடல்கள். நான்கு பேரைக் கடைசிவரை காணவில்லை. எங்கள் ஊர் டீக்கடையில் பேசிப் பாறைக்கு மேல் டவர் கேட்டு மனு எழுதினார்கள். கையெழுத்தும் கைரேகையுமாக நாலு பக்கம். அதை ஆன்லைனில் ஏற்றலாம் என்று தம்பி சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். தபாலில் போகிறது.

செப்டம்பர் 20

இறுதியாண்டுக்காரர்கள் வீட்டில் எழுதிப் படமெடுத்து, கொடுத்த நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். நான் அந்த நேரம் முழுக்க ஆன்லைனில் இருக்க வேண்டும். இதற்கு மஞ்சப்பை உதவாது. தேர்வு முடியும்வரை கொடைக்கானலில் அறை எடுக்கலாம். வாடகை இப்போது வாங்கும் பாதிச் சம்பளத்தைத் தாண்டுகிறது. அப்பா ஆள் கிடைக்காமல் பூண்டுப் பாத்தியில் தனியாக நிற்கிறார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

உசிலம்பட்டிப் பெண் எழுதியிருக்கிறாள்: அப்பா வேலைக்கு வெளியூர் போய்விட்டார், போனும் அவரோடு போய்விட்டது, இது பக்கத்து வீட்டு அக்கா போன், தேர்வன்று தருவார்களா தெரியாது. பதில் எழுதி அனுப்பு பொத்தானை அழுத்தி வைத்திருக்கிறேன். வண்டிக்கு டயர் மாற்ற வேண்டுமாம், நாளை ஓடாது.